பாணுக்குள்ள சம்பல்



போன கிழமை ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். "ரீச்சர், நீங்கள் சின்னனில சான்ட்விச் எல்லாம் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். சாப்பிட்டோம், ஆனால் அந்தப் பெயர் தெரியாமல் சாப்பிட்டோம் என்றேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அது 'பாணுக்குள்ள சம்பல்', இல்லாவிட்டால் 'பாணுக்குள்ள வாழைப்பழம்'. அவ்வளவுதான். தொலைபேசியில் சொல்லி முடியாத மிச்சக் கதையை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெயர். சான்ட்விச் என்பது இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் உள்ள ஒரு ஊர். அந்த ஊரின் பட்டத்தைத் தாங்கிய நான்காவது பிரபு ஜோன் மொன்ராகு (1718–1792). சீட்டாட்ட மேசையை விட்டு எழும்ப மனமில்லாமல் இரண்டு பாண் துண்டுக்கு நடுவே இறைச்சி வைத்துக் கேட்டார் என்பது பலரும் சொல்லும் கதை. கடற்படைப் பொறுப்பில் இருந்தவர், வேலை மேசையில்தான் அப்படிச் சாப்பிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கிப்பன் 1762இல் எழுதிய நாட்குறிப்பிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. 1778இல் கப்டன் குக் ஹவாய்த் தீவுகளுக்கு வைத்த பெயரும் இதே பிரபுவின் பெயர்தான்.

எங்கள் பாண் அதற்கும் முந்தியது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் சொல் அது. அலுமாரி, கதிரை, யன்னல், சப்பாத்து எல்லாம் வந்த வழியிலேயே பாணும் வந்தது. பாண் சுடும் போறணையும் ஐரோப்பியரோடு வந்த சொல். ஈஸ்ற் கிடைக்காத அந்தக் காலத்தில் மாவைப் புளிக்க வைக்கக் கள் விட்டார்கள். பிறகு பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று அழகான தமிழ்ப்பெயர் வைத்தோம். ஆனால் கடை வாசலில் நின்று இன்றைக்கும் "ஒரு இறாத்தல் பாண் தாங்கோ" என்றுதான் கேட்கிறோம். இறாத்தல் போய்க் கிலோ வந்து எத்தனையோ வருடம். பாண் மட்டும் 450 கிராம் நிறையோடு இறாத்தலாகவே நிற்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் வயல்களில் நெல் விளையும், குரக்கன் விளையும், கோதுமை விளையாது. பாண் முழுவதும் கப்பலில் வரும் சாப்பாடு. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, குறைக்குக் கோதுமை மா வந்தது. அதுவரை பாண் என்றால் பட்டணத்து ஆட்களுக்கும் காய்ச்சல்காரருக்கும் உரியது என்று அம்மம்மா சொல்லுவா. சண்டை முடிந்த பிறகும் பாண் வீடுகளை விட்டுப் போகவில்லை.

எனக்கு நன்றாக நினைவிருப்பது 1973, 74. அப்போது எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. உலகச் சந்தையில் கோதுமையும் அரிசியும் விலை ஏறி, அரசாங்கத்திடம் வெளிநாட்டுக் காசு இல்லாமல் போன காலம். விடிய நாலு மணிக்கு அண்ணாவும் நானும் பாண் வரிசையில் நிற்போம். சில நாள் எங்கள் முறை வர முதலே பாண் முடிந்துவிடும். கிடைத்த நாளில் ஒரு இறாத்தல் பாணை அம்மா ஆறு பிள்ளைகளுக்கும் வெட்டுவா. ஓரத்துண்டு யாருக்கு என்று சண்டை வரும் என்பதால் கிழமை முறை வைத்திருந்தா. அம்மாவின் பங்கு எது என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதே காலத்தில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் எங்கள் தோட்டக்காரரின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை வந்தது. பாண் இல்லாத வருடத்திலும் சம்பலுக்குக் குறைவில்லை. வெளியே இருக்கும் பாண் கப்பலை நம்பியது, உள்ளே இருக்கும் சம்பல் எங்கள் மண்ணில் விளைந்தது. இதைத்தான் அந்த மாணவிக்குச் சொல்ல விரும்பினேன்.

இனிச் செய்முறை. கவனமாகக் கேளுங்கோ பிள்ளைகள்.

சூடான பாணை வெட்டக்கூடாது, நசிந்து போகும். நன்றாக ஆறிய அச்சுப்பாணை மெல்லிய துண்டுகளாக வெட்ட வேண்டும். இரண்டு துண்டின் உட்பக்கத்திலும் மாஜரினோ பட்டரோ கரை வரைக்கும் பூச வேண்டும். அது ருசிக்கு மட்டுமல்ல, சம்பலின் ஈரம் பாணுக்குள் இறங்காமல் காக்கும். செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் அரைத்து, பிறகு தேங்காய்ப்பூ, கடைசியில் சின்ன வெங்காயம். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். தேசிக்காய்ப்புளி அளவாக, இறக்கும்போது மட்டும். சம்பலை மெல்லிதாகப் பரப்பி மூடி, ஈரத்துணியால் சுற்றிப் பத்து நிமிடம் ஒரு தட்டின் கீழே வைத்தால் வெட்டும்போது உதிராது.

வாழைப்பழம் என்றால் நன்றாகப் பழுத்த கதலி. முள்ளுக்கரண்டியால் மசித்து, கொஞ்சம் சீனி தூவி, உடனே சாப்பிட வேண்டும். வைத்தால் கறுக்கும், சீனியும் கரைந்து ஒழுகும். பிறந்தநாள் வீடுகளில் பீற்றூட்டும் கரட்டும் வைத்து நிறம் நிறமாக அடுக்குவார்கள். அது கண்ணுக்கு. பள்ளிக்கூடப் பைக்குச் சம்பல்தான் சரி.

ஆசிரியையாக வந்த பிறகும் இந்தப் பாண் என்னை விடவில்லை. தொண்ணூறுகளில் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பி, "காலமை என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டால் தலையைக் குனிவார்கள். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்த இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் நாள், நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தைக்கு ஊர்க்காரர் ஒருவர் ஒரு கடகத்தில் பாணும் வாழை இலையில் சம்பலும் கொண்டுவந்தார். கத்தி இல்லை, கையால் பிய்த்தோம். வரிசையாக இருந்த பிள்ளைகளில் ஒருத்தி, என்னிடம் படித்தவள், தன் துண்டை இரண்டாக்கி ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கேல்லை ரீச்சர்" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. அன்றைக்குத்தான் எங்கள் அம்மாவின் பங்கு என்ன என்று எனக்கு விளங்கியது.

2022இல் மாவும் எரிவாயுவும் இல்லாமல் மறுபடி வரிசைகளில் நின்றோம். பாண் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. அப்போதும் பக்கத்து வளவுத் தேங்காயும் எங்கள் வெங்காயமும் இருந்தன. கால் இறாத்தல் பாணோடு ஒரு நேரம் சமாளித்த வீடுகள் எத்தனையோ.

பேரப்பிள்ளைகளுக்குச் சீஸ் வையுங்கள், முட்டை வையுங்கள், குறை சொல்லமாட்டேன். ஒரு நாளைக்காவது சம்பல் வைத்துக் கொடுத்து, இந்தக் கதையையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பாணுக்குள் என்ன வைத்தார்கள், ஓரத்துண்டு யாருக்குப் போனது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் போடுவேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தியும் விடுவேன்!

அன்புடன்,
உங்கள் ரீச்சர்