இச்சையடக்கம்

பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் ஆவியின் கனியாக ஒன்பது பண்புகளை அடுக்குகிறது. அன்பில் தொடங்கும் அந்த வரிசையை முடித்து வைக்கும் சொல் 'இச்சையடக்கம்'.

இச்சை வடசொல், ஆசை, விருப்பம் என்று பொருள். அடக்கம் தமிழ்ச்சொல், 'அடங்கு' என்பதன் வழி வந்தது. குடத்துக்குள் நீர் அடங்குகிறது என்கிறோம். நீர் அழிவதில்லை, தன் அளவில் நிற்கிறது. இச்சையடக்கமும் அப்படித்தான், ஆசையைக் கொல்வதன்று, அதற்குரிய இடத்தில் நிறுத்துவது.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'என்க்ராத்தேயா'. 'உள்ளே' என்னும் பொருள் தரும் 'என்', 'வல்லமை' என்னும் பொருள் தரும் 'க்ராத்தொஸ்' இரண்டும் சேர்ந்தது. தன்மேல் தனக்குள்ள ஆளுகை. இச்சொல்லின் வினைவடிவத்தைப் பவுல் 1 கொரிந்தியர் 9:25-இல் பந்தய வீரர்களுக்குப் பயன்படுத்துகிறார். கொரிந்துக்கு அருகிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. ஒலிம்பியாவிலோ, 10 மாதம் முறையாகப் பயிற்சி செய்ததாக வீரர்கள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே இச்சொல்லில் ஒருநாள் வைராக்கியம் இல்லை. அன்றாடப் பழக்கம் இருக்கிறது.

விடியற்காலை ஐந்தரை மணி. தலையணை அருகே கைபேசி மின்னுகிறது. மேசைமேல் வேதாகமம் மூடியிருக்கிறது. கை எதை முதலில் எடுக்கிறது என்பதில்தான் இச்சொல்லின் பொருள் விளங்கும். நேற்றுத் தவறியிருந்தாலும் இன்று எடுக்கலாம். கனி ஒரே இரவில் பழுப்பதில்லை. தினமும் நீர் வார்த்தால் பழுக்காமல் போவதுமில்லை.