பள்ளிக்கூடம் யாருடையது? பொன்ஜீன் ஆண்டகையும் யாழ்ப்பாணக் கல்வியும்

ஆயர்களை நியமிக்கும் உரிமை மன்னருக்கா, திருச்சபைக்கா? 1073 முதல் 1085 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் இக்கேள்வியை முன்வைத்தே ஜேர்மனிய மன்னன் நான்காம் ஹென்றியுடன் மோதினார். இறுதியில் உரோமையை விட்டு வெளியேறிச் சலேர்னோவில் உயிர்நீத்தார். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் அரசுக்கும் திருச்சபைக்குமிடையே ஓர் உரிமைக் கேள்வி எழுந்தது. அது பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது.

அதை எழுப்பியவர் 1823இல் பிரான்சில் பிறந்த பொன்ஜீன் ஆண்டகை. முதலில் தமிழகத்தில் பணியாற்றிய அவர், பின்னர் யாழ்ப்பாணம் வந்து அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்தார். அக்காலத்தில் வடக்கில் அரசாங்கப் பண உதவி பெரும்பாலும் புரட்டஸ்தாந்து மிசன் பாடசாலைகளுக்கே கிடைத்தது. கத்தோலிக்கரும் வரி செலுத்தினார்கள். ஆனால் தங்கள் பாடசாலைகளைத் தாங்களே தாங்கவேண்டியிருந்தது.

ஆண்டகை அரசை எதிர்த்து ஒதுங்கவில்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றை அரசு பரீட்சித்து, தேர்ச்சிக்கேற்ப நன்கொடை வழங்கட்டும். சமயபோதனையைப் பெற்றோருக்கும் திருச்சபைக்கும் விட்டுவிடட்டும் என்று சிறுநூல் எழுதி வாதாடினார். 1868இல் அவர் ஆயரானார். மறு ஆண்டே பொதுப்போதனைப் பகுதி உருவாகி, நன்கொடை முறை இவ்வழியில் அமைந்தது. தம் மக்களுக்காக அவர் கேட்ட நியாயம் சைவ, பௌத்த பாடசாலைகளுக்கும் கதவு திறந்தது.

பெண்கல்விக்கு இது பேருதவியாயிற்று. திருக்குடும்பக் கன்னியர் 1862இலேயே யாழ்ப்பாணம் வந்திருந்தனர். பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கத் தயங்கிய சமூகத்தில், கன்னியர் மடப் பாடசாலைகள் நிலைத்து நிற்க ஒழுங்கான வருவாய் தேவைப்பட்டது. ஆண்டகை 1883இல் கொழும்புக்கு மாற்றப்பட்டு, அங்கே முதலாவது பேராயராகி, 1892இல் காலமானார்.

அவர் வாதாடிப் பெற்ற ஏற்பாடு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தனித்து நின்ற பாடசாலைகள் பல, நன்கொடையுமின்றி, கட்டணம் அறவிடும் உரிமையுமின்றித் தவித்தன. அந்நாட்களில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் கூரை வேயவும் பெற்றோரும் பழைய மாணவர்களுமே கைகொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் அரசுடையதா, திருச்சபையுடையதா என்று வாதிட்டவர்கள் பலர். அதைத் தம்முடையதென்று எண்ணித் தாங்கியவர்களையும் பழைய மாணவிகளாகிய நாம் இந்நூற்றாண்டில் நன்றியுடன் நினைப்போம்.