அடுப்புக்குப் போன மரம்

ஈப்போ லோக்கென் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்பது வெள்ளிக்குப் பழைய சாப்பாட்டு அலமாரி ஒன்று வாங்கினேன். கதவில் கம்பிவலை, நாலு கால். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துவார்களே, அந்த ரகம். சுங்கை சிப்புட் பக்கம் மூடிப்போன ஒரு தோட்டத்தின் லயத்திலிருந்து வந்தது என்றார் விற்றவர். விலைக்காகச் சொன்ன கதையாகவும் இருக்கலாம்.

சாயம் நீக்கும் பசையைத் தடவிச் சுரண்ட ஆரம்பித்தேன். மேலே பழுப்பு, அதற்குக் கீழே பச்சை, பிறகு நீலம். எல்லாம் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியிலிருந்த வெள்ளை மட்டும் அசையவில்லை. தேய்ப்பு மெஷினை எடுத்தபோது கூட வேலை பார்க்கும் நண்பன் தடுத்தான். "முதல்ல ஈயம் இருக்கான்னு பாருடா." சோதனைக் குச்சியை வைத்துப் பார்த்தோம். சிவந்துவிட்டது.

அந்தக் காலத்து எண்ணெய்ச் சாயத்தில் வெள்ளை நிறம் பெரும்பாலும் ஈயக் கார்பனேட்தான். அதன் கெடுதல் தெரியாமல் இல்லை. 1904-லேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர், வராந்தாக் கைப்பிடியின் சாயம் வெயிலில் மாவாகிக் குழந்தைகளின் கைவழியே வாய்க்குப் போகிறது என்று எழுதினார். 1921-இல் ஜெனீவாவில், கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈயவெள்ளை பூசுவதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை வந்தது. அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடை செய்ய 1978 ஆயிற்று. என் அலமாரியோ சோறும் குழம்பும் வைத்த அலமாரி. அதன் கதவைப் பிடித்து நின்ற பிள்ளைகளின் உயரத்தில்தான் வெள்ளை அதிகம் தேய்ந்திருந்தது.

காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி, சூடு காட்டினால் புகை, இரண்டுமே ஆகாது. காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும், ஆனால் மரத்தைக் கறுக்க வைத்துப் பசையையும் இளக்கிவிடும். ஆகவே முகமூடி போட்டு, பசையும் ஈரமுமாக வைத்து மூன்று வார இறுதிகள் சுரண்டினேன். கழிவைத் தனிப் பையில் கட்டினேன்.

கடைசியில் தெரிந்தது சிவந்த மெரந்தி. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. சுற்றிலும் ரப்பர் மரம் நின்ற இடத்தில் அலமாரிக்கு ஏன் காட்டு மரம்? தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியிடம் கேட்டேன்.

"அதுல செஞ்சா ஆறே மாசத்துல மாவாக் கொட்டிடும்யா. அது அடுப்புக்குத்தான்."

பாட்டி சொன்னது அறிவியல். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், பிறகு துளைக்கும் வண்டு வந்து தூளாக்கும். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றை நட்டார். அன்றிலிருந்து ஏறக்குறைய நூறு வருடம் இந்த மரத்துக்கு ஒரே வேலை, பால். முப்பது வருடத்தில் பால் குறைந்ததும் மருந்து வைத்துச் சாகடித்து எரித்தார்கள், இல்லாவிட்டால் விறகு. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டை உலர்த்தியதும் அந்த விறகுதான். பிறையிலிருந்த மலாயாவாத்தா ஆலை ரப்பர் மரக் கரியைப் போட்டே இரும்பு உருக்கியது.

எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் நிலைமை மாறியது. வெட்டியவுடனே அறுத்து, அழுத்தம் கொடுத்துப் போரான் கரைசலை உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூஞ்சையும் வண்டும் தொடாது. அவ்வளவுதான் ரகசியம். இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரம்.

ஆனால் மரம் விலைபோன அதே வருடங்களில்தான் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, லயங்கள் காலியாகின. கூலி, துரை, கங்காணி பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். காலி செய்யச் சொன்னபோது நின்ற மரத்துக்கு என்ன விலை என்று யாராவது கேட்டார்களா? பாட்டிக்கு ஞாபகம் இருப்பது லாரிகள் மட்டும்.

அலமாரியின் இரண்டு கால்கள் அடியில் மக்கியிருந்தன, கிண்ணத் தண்ணீரில் நின்றே. தச்சர் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது மரம் ஒட்டிக் கொடுத்தார். ரப்பர் மரம். பாட்டி விரலால் தடவிப் பார்த்தார்.

"பூச்சி வராதா?"

"வராது பாட்டி, மருந்து ஏத்தியிருக்கு. ஆனா தண்ணிக் கிண்ணத்துல மட்டும் நிறுத்தக் கூடாது, மருந்து கரைஞ்சிடும்."

"அப்ப எறும்புக்கு என்ன செய்வே?"