துன்னமும் பொல்லமும்

தமிழர் ஆடை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் துகிலையும் கலிங்கத்தையும் பட்டையும் பற்றியே விரித்துரைத்தனர். பாம்பின் உரியை ஒத்த நுண்மையும், மூங்கிலின் உட்பட்டையை ஒத்த மென்மையும், ஆவியை ஒத்த நொய்ம்மையும் பத்துப்பாட்டுள் பேசப்படுதல் உண்மையே. ஆயின் அப் புத்தாடைகள் ஆற்றுப்படைகளில் எப்பொழுது தோன்றுகின்றன? பழைய ஆடை ஒன்று நீக்கப்பட்ட பின்னரே தோன்றுகின்றன. நீக்கப்பட்ட அவ்வாடை எத்தகையது, அதனை எவ்வாறு தைத்துக் காத்தனர், அத் தையலைப் புலவர் எக்கண் கொண்டு நோக்கினர் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவற்றிற்கு விடை காண ஏட்டுச் சான்றோடு வாழ்க்கைச் சான்றும் வேண்டும். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அண்மையில் உள்ளது இவ்வூர். தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. இவ்வட்டாரம் பாணர்க்குப் புதிதன்று. கபிலர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர், இம்மாவட்டத்துத் திருக்கோவலூரே. வடக்கே மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா; கிழக்கே சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மானாடு. ஆற்றுப்படைகளின் வழிநடை இந்நிலத்தைச் சூழ்ந்தே கிடக்கிறது. முள்ளும் பரலும் நிறைந்த மலையடி வழியில் நடப்போர் ஆடை கிழியாதிருத்தல் அரிது.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பொருநனது ஆடையை இருமுறை காட்டுகிறார். ஈரும் பேனும் குடியிருந்து, வியர்வையால் நனைந்து, வேறு நூல் ஊடோடிய தையலுடைய கந்தை ஒன்று. அதனைக் களைந்து கரிகாலன் பூவேலை அமைந்த நுண்ணிய ஆடையை உடுப்பிக்கிறான். பின்னர் மற்றோரிடத்தில், பாசியின் வேர்போல் அழுக்கேறிய கந்தை நீக்கப்பட்டுப் பட்டு வழங்கப்படுகிறது. ஈரிடத்தும் புலவர் ‘சிதாஅர்’ என்று மட்டும் கூறி அமையாது, ‘துன்னல்’ என்னும் அடையையும் சேர்த்துள்ளமை கருதத்தக்கது. சிதார் என்பது சிதைந்த துணி. துன்னல் என்பது தையல். சிதைவை மட்டும் கூற விரும்பியிருப்பின் ஒரு சொல்லே போதும். சிதைந்ததும் தைக்கப்பட்டதுமான ஆடை என்பதே புலவர் கருத்து. வறுமையின் அடையாளமாக மட்டும் அதனைக் கொண்டால், இரண்டாவது சொல் பொருளிழந்து நிற்கும்.

புறநானூற்றின் 69ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கிள்ளிவளவனிடம் செல்லவிருக்கும் பாணனின் அரையில் உள்ள ஆடையைக் கூறுமிடத்தும் இக் கருத்தே வருகிறது. ஆண்டு அவர் சுட்டுவது ‘வேற்றிழை’. ஆடை நெய்யப்பட்ட நூல் வேறு. பின்னர் அதனுள் ஓட்டப்பட்ட நூல் வேறு. பழுதுபார்த்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறல் இயலாது. நிறத்தாலோ பருமனாலோ வேறுபட்ட நூல் என்பதனால்தான் அது வேற்றிழையாகத் தோன்றுகிறது. நைந்த இடத்தில் ஊடும் பாவுமாக நூலை நுழைத்து நெசவையே மீண்டும் அமைக்கும் முறையை இன்று ‘இழையோட்டுதல்’ என்கிறோம். நுழைதல் என்னும் வினையைப் புலவர் ஆண்டிருத்தலின், வெறுந்தையலினும் இம்முறையே குறிக்கப்பட்டது எனக் கொள்ளல் பொருந்தும்.

இவ்வனைத்தினும் சிறந்த சான்று புறநானூற்று 136ஆம் பாட்டு. ஆய் அண்டிரனை நோக்கித் துறையூர் ஓடைகிழார் பாடியது அது. பேனையும் பசியையும் தம் பகைகளாக எண்ணும் அப்புலவர், தம் ஆடையின் பல தையல்களையும், அத் தையல்களின் இடைவெளியில் வாழும் ஈரின் கூட்டத்தையும் கூறுகிறார். நகைச்சுவையும் துயரமும் ஒருங்கே கலந்த பாட்டு. ஆனால் நம் நோக்கிற்கு முதன்மையானது அவர் கூறும் உவமை. பல துன்னமுற்ற ஆடைக்கு அவர் உவமையாக்குவது யாழினது பத்தரின் புறத்தை.

ஏன் யாழ்? பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் வரும் யாழின் வருணனை இதனை விளக்குகிறது. பத்தரின்மேல் போர்த்த தோல் ஒரே துண்டன்று. இரண்டு தலைப்பும் கூட்டித் தைக்கப்பட்டது. அத் தையலைப் புலவர் ‘பொல்லம்’ என்னும் சொல்லாலும் ‘பொத்துதல்’ என்னும் வினையாலும் குறிக்கிறார். துளைகள் ஆணியால் தூர்க்கப்பட்டுள்ளன. அவ்வாணிகள் நண்டின் கண்போல் தோன்றுகின்றன. ஆகவே யாழும் மூட்டியும் தைத்தும் துளை தூர்த்தும் ஆக்கப்பட்ட பொருள். அதன் தையல் மறைக்கப்படுவதன்று. இளஞ்சூலுடையாள் வயிற்றில் மயிர் ஒழுங்கு ஓடுவது போன்ற அழகுடையதாகவே பாராட்டப்படுகிறது. இவ்விரு பாட்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஓடைகிழாரின் உவமை, கிழிந்ததை இழித்துக் கூறப் பிறந்ததன்று. கையால் தைத்துப் பழகிய ஒருவர், தாம் போற்றும் கருவியின் தையலையே தம் ஆடையிலும் காண்பதால் பிறந்தது. வறுமையை வள்ளல் முன் எடுத்துக்காட்டும் பாட்டினுள்ளும், கைத்திறம் அறிந்த கண் மறையாது நிற்கிறது.

துன்னம், வேற்றிழை, பொல்லம் என்னும் இம்மூன்று சொற்களும் ஒரே பொருளன எனக் கொள்ளுதல் தவறு. துன்னம் தையல் ஓட்டம். வேற்றிழை நெசவினுள் புகுத்திய நூல். பொல்லம் இரண்டைக் கூட்டி மூட்டியது. இன்றும் தைப்போர் நூலோட்டம், இழையோட்டல், மூட்டுதல் என வேறுபடுத்தியே வழங்குகின்றனர். புதுக் கைலியின் இரு தலைப்பையும் சேர்த்துத் தைப்பதைத் தமிழகமெங்கும் ‘கைலி மூட்டுதல்’ என்றே கூறக் கேட்கிறோம்.

ஈண்டு ஒன்று நினைக்கத்தக்கது. தமிழரின் பேருடையாகிய வேட்டியும் சேலையும் தறியிலிருந்து வந்தவாறே உடுக்கப்படுவன, ஊசி வேண்டாதன. தைத்த சட்டை அக்காலத்தில் இல்லாமலில்லை. முல்லைப்பாட்டின் யவனர் மெய்ப்பை அணிந்தனர். பெரும்பாணாற்றுப்படையின் வணிகர் சட்டை புக்கு, அடிபுதை அரணமாகிய செருப்பும் தொட்டனர். ஆயினும் பெரும்பாலான மக்களின் இல்லத்தில் ஊசி புகுந்தது புத்தாடை ஆக்கற்பொருட்டன்று, பழைய ஆடையைக் காத்தற்பொருட்டே என்பது எம் துணிபு. ஐரோப்பிய ஆடை வரலாற்றில் தையற்கலை வெட்டி ஆக்கும் கலையாக வளர்ந்தது. நம் இல்லங்களில் அது பழுதுபார்க்கும் கலையாகவே தொடங்கியது. இவ்வேறுபாட்டை உணராமையினாலேயே, ‘பழந்தமிழர் தையலறியார்’ என்னும் பிழையான கூற்று அவ்வப்போது தலைகாட்டுகிறது.

தொழிலாகத் தைத்தோரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இந்திர விழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை அடுக்கும் இளங்கோவடிகள், துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைத்து, இருவர்க்கும் ‘துன்னர்’ என்னும் சொல்லின் வடிவங்களையே ஆளுகிறார். துணியும் தோலும் பொருளால் வேறாயினும் செயலால் ஒன்று என்னும் தெளிவு இதில் உள்ளது. தோலூசியின் விரைவைப் புறநானூற்று 82ஆம் பாட்டு கூறும். விழாவும் வந்தது; மனைவிக்கு மகப்பேற்று வேளையும் வந்தது; மழையும் பெய்கிறது; பொழுதும் சாய்கிறது; அந்நிலையில் கட்டில் பிணிப்பவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசிபோல் போர் விரைந்தது என்கிறார் சாத்தந்தையார். வேந்தன் போரைச் சொல்ல ஒரு தொழிலாளியின் கையைக் கருவியாக்கிய பாட்டு இது. அத் தொழிலாளியை இழிசினன் என்று சுட்டிய சமுதாயத்தையும் அதே பாட்டு நமக்குக் காட்டிவிடுகிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு பங்கு பெற்றோருள் ‘தையான்’ என்பானையும், மணிகளை ஆடையில் பதித்துத் தைக்கும் ‘இரத்தினத் தையான்’ என்பானையும் குறிக்கிறது. தையல் கோயிலில் மதிப்புற்ற காலம் அது.

பாணர் பின்னாளில் என்ன ஆயினர் என்பதும் இவ்விடத்து எண்ணுதற்குரியது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூல், 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பறிக்கையைத் தழுவி, மதுரை திருநெல்வேலிப் பகுதிகளில் பாணர் தையல் தொழிலினர் என்று கூறுகிறது. யாழைத் தைத்த கை, பின்னர் ஆடையைத் தைத்தது என்று நேரே முடிச்சிடுதல் எளிது. எளிது என்பதனாலேயே அஃது ஐயத்திற்குரியது. இடையில் பல நூற்றாண்டுகள் உள்ளன. ஆயினும் யாழ் வழக்கிறந்த பின் பாணர்க்கு எஞ்சிய தொழில்களுள் ஊசி ஒன்றாயிருந்தது என்பதைப் பொருட்படுத்தாது விடுதலும் இயலாது.

சமய இலக்கியம் தைத்த துணிக்குப் புதுமதிப்பு ஒன்றை ஏற்றியது. பௌத்தத் துறவியின் சீவரம் துண்டுகளாக வெட்டி இணைக்கப்படவேண்டும் என்பது விநயபிடக விதி. மகத நாட்டு வயல்களின் வரப்பொழுங்கைப் பார்த்து ஆனந்தர் அதன் அமைப்பை வகுத்தார் என்று மகாவக்கம் கூறும். பாணனுக்கு வறுமையால் நேர்ந்தது, துறவிக்கு ஒழுக்கமாயிற்று. சைவத்திலோ இறைவனே தைத்த கோவணம் உடுத்தான். திருவாசகத்துத் திருச்சாழலில், எல்லார்க்கும் ஈசனாயவன் துன்னம் பெய்த கோவணம் உடுப்பது ஏன் என்று ஒருத்தி வினவ, நான்மறையே அதற்குச் சரடு என மற்றொருத்தி விடையிறுக்கிறாள். எள்ளலுக்கு உரிய தையலையே ஏற்றத்திற்கு உரியதாக மாற்றியது மணிவாசகரின் சொல்வன்மை. பெரியபுராணத்தின் திருக்குறிப்புத்தொண்டர் கதை வேறொரு வகையில் உருக்கமானது. குளிர்காலத்தில் கந்தையுடுத்து வந்த அடியார்க்கு மாற்றுடை இல்லை, பொழுது சாயுமுன் வெளுத்துத் தரவேண்டும், மழையோ விடவில்லை. ஒரு கந்தையின்பொருட்டுத் தம் தலையைக் கல்லில் மோதத் துணிகிறார் காஞ்சியின் வண்ணார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் முதுமொழியும் வெளுத்தலையே கூறுகிறது, தைத்தலைக் கூறவில்லை. தைத்தல் கூறாமலே அமையும் என்று முன்னோர் கருதினர் போலும்.

இனி வடக்கனந்தலைப் போன்ற மலையடி ஊர்களின் வழக்கிற்கு வருவோம். வேட்டி நடுவில் நைந்தால் நீளவாக்கில் கிழித்து, நையாத ஓரங்களை நடுவே மூட்டிப் பின்னும் சில காலம் உடுப்பர். சேலை முதிர்ந்தால் தூளியாகும். பின்னர் மடித்து அடுக்கி நூலோட்டம் ஓட்டிய விரிப்பாகும். அதன்பின் சும்மாடாகவும் அடுப்படியில் கரித்துணியாகவும் முடியும். வங்காளத்தில் இவ்வாறு அடுக்கித் தைப்பதே ‘காந்தா’ எனப் பெயர் பெற்றுப் பூவேலையோடு புகழடைந்தது. நம் பாட்டிமார் செய்தது பெயரின்றி வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. தானிய மூட்டையின் சணற்கோணி கிழிந்தால், கோணியூசியில் சணல் கோத்துப் பழங்கோணியின் துண்டை வைத்து ஒட்டுப்போடுவர். செருப்பின் வார் அறுந்தால் குத்தூசியும் மெழுகு நூலும். அவை கிட்டாவிடின் ஓர் ஊக்கு. துணிப்பையின் காது பிய்ந்தால் பழைய வேட்டிக்கரையே புதுக்காது. இவற்றுள் எதிலும் ஒட்டை மறைக்கும் முயற்சி இல்லை. கோணியில் மறைத்தால் வலிமை குன்றும். பையில் மறைக்க நேரமில்லை. கிழிசலின் தெரிவு வேறு, ஒட்டின் தெரிவு வேறு என்பதை இவ்வூர்ப் பெண்டிர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மறைத்துத் தைத்தலையே உயர்ந்த கலையாகக் கொண்டோரும் உளர். காசுமீரச் சால்வைகளைப் பழுதுபார்க்கும் ரஃபூகர், தைத்த இடம் தெரியாவண்ணம் இழையோடு இழை சேர்ப்பர். உத்தரப்பிரதேசத்து நஜிபாபாத் அவர்கட்குப் பெயர் பெற்ற ஊர். சப்பானிய உழவரோ நீலத் துணியின்மேல் வெண்ணூலால் ‘சாசிக்கோ’த் தையலிட்டு, ஒட்டின்மேல் ஒட்டாக அடுக்கிய ‘போரோ’ ஆடைகளை வழிவழி உடுத்தனர். அவை இன்று அருங்காட்சியகப் பொருள்கள். விலைமிகுந்த துணிக்கு மறைவுத் தையல், உழைப்போர் துணிக்கு வெளித் தையல் என்னும் பாகுபாடு யாண்டும் காணப்படுகிறது. அண்மையில் மேலைநாட்டினர் ஒட்டை வெளிப்படையாகக் காட்டும் தையலை நாகரிகமாக மேற்கொண்டுள்ளனர். வேற்றிழையைப் பாடிய மொழியினர் நாம் இதனைப் புதுமை என வியத்தற்கு இடமில்லை.

போர்க்காலம் இத் தொழிலை அரசின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 1943இல் இந்தியாவில் பருத்தித்துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அதே ஆண்டில் பிரித்தானிய வணிக வாரியம், உள்ளதைத் திருத்தி உடுத்துமாறு தன் மக்கட்குச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு அத்தகைய அறிவுரை தேவைப்பட்டிருக்குமா என்பது ஐயமே. பின்னர்த் தையல் இயந்திரம் பரவி, ஆயத்த ஆடையும் மலிந்தபோது, கையூசி வீடுகளில் ஒதுங்கிற்று. 2021 திசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் துணிப்பையை மீட்க முனைந்தது. பை மீண்டால் அதன் காது பிய்தலும் மீளும், ஊசியும் மீளவேண்டும்.

இறுதியாகச் சொல்வழக்கு ஒன்று. பொல்லம் என்னும் சொல் வழக்கிறந்து அகராதியில் தங்கிவிட்டது. அதனோடு வந்த பொத்துதல் இன்றும் வாழ்கிறது, ஆயினும் தையற்பொருளில் அன்று. வாயைப் பொத்துகிறோம், காதைப் பொத்துகிறோம். பொத்தல் என்றாலோ துணியில் விழுந்த ஓட்டை. துளையையும் அதனை மூடுதலையும் ஒரு சொல்லே குறித்துநிற்பது இவ்வாறு. வடக்கனந்தல் முதலிய மலையடி ஊர்களிலும், மேலே கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் தைப்போர் வாய்மொழியாக வழங்கும் சொற்களைத் தொகுப்பின், பொத்துதல் தையற்பொருளில் எங்கேனும் எஞ்சியுள்ளதா என்பது தெளிவாகும். பட்டமேற்படிப்பு மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்வாராயின், முதலில் கோணி தைப்போரிடம் செல்லுதல் நன்று.