பொங்கப்பானையும் தீவுப்பானையும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை ஒரு பானை ஓட்டால அசடு வழிஞ்ச கதையோட வரேன்.

எங்க கள்ளிக்குப்பத்துல பக்கத்து மனையில அஸ்திவாரம் தோண்டினாங்க. மண்மேட்டுல மூணு விரல் அகலத்துக்கு ஒரு ஓடு. ஒரு பக்கம் கருப்பு, இன்னொரு பக்கம் சிவப்பு, சிவப்புப் பக்கத்துல லேசா குழி குழியா ஏதோ வேலைப்பாடு. சும்மா இருப்பேனா? கருப்பு-சிவப்புப் பானைன்னா ஆதிச்சநல்லூர், கீழடின்னு மனசு பறந்துடுச்சு. கழுவித் துடைச்சு, பொங்கலுக்கு வழக்கமா பானை வாங்குற அக்காகிட்ட எடுத்துட்டுப் போனேன்.

அக்கா திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "தம்பி, கருப்பா இருக்கே, இதான் வெளிப்பக்கம். அடுப்புக்கரி. குழியெல்லாம் உள்பக்கம். உள்ள கல்லை வச்சுக்கிட்டு வெளிய பலகையால தட்டுவோம்ல, அந்தக் கல்லு பட்ட தடம். இது பொங்கப்பானை. பத்து வருஷம் இருக்குமா?"

போச்சு :-)

ஆனா அவங்க அதோட விடலை. ஒரு புதுப்பானைக்குள்ள என் கையை விடச் சொன்னாங்க. கழுத்துல வட்டமா மெல்லிசா கோடு, சக்கரத்துல சுத்தினப்போ விரல் போட்டது. கீழ போகப் போக கோடு காணோம், குழிதான். மேல்பாதி சக்கரம், அடிப்பாதி தட்டினது. ஒரு நிமிஷத்துல அக்கா செஞ்ச இந்த வேலையைத்தான் தொல்லியல்காரங்க வருஷக்கணக்கா செய்யறாங்க. அவங்க பக்கத்துல கேட்டுச் சொல்ல அக்கா இல்லை, அதான் கஷ்டம்.

இது அந்தமான்ல எப்படி நடந்ததுன்னு பாருங்க. அங்க ஆதிகுடிகள் தின்னுட்டுப் போட்ட சிப்பி, பன்றி எலும்பு எல்லாம் குவிஞ்சு மேடு மேடா கிடக்கும். 1870-லேயே ஸ்டோலிஸ்கா இந்தக் குப்பைமேடுகளைப் பத்தி எழுதிட்டார். 1950-கள்ல லிடியோ சிப்ரியானின்னு ஒரு இத்தாலிக்காரர் சில மேடுகளைத் தோண்டினார். அடிப்பகுதியில ஓடே இல்லை. அப்புறம் நல்ல பானை. மேல வர வர மட்டமான பானை. அதனால இந்த மக்களோட கைத்திறமை காலப்போக்குல தேஞ்சு போச்சுன்னு அவர் முடிவு கட்டினார்.

எனக்கு இந்த முடிவு உறுத்திக்கிட்டே இருந்தது. 1938-ல முசோலினி ஆட்சி வெளியிட்ட இனவாத அறிக்கையில கையெழுத்துப் போட்டவங்கள்ல இந்த சிப்ரியானியும் ஒருத்தர்! அதனால அவர் தோண்டினது பொய்யாயிடாது. ஆனா 'தேஞ்சு போச்சு'ங்கற வார்த்தை ஓட்டுல இருந்து வந்ததா, தலையில இருந்து வந்ததான்னு கேக்கணும்ல? எங்க பாட்டி மண்சட்டியில கொழம்பு வச்சாங்க, அம்மா எவர்சில்வருக்கு மாறினாங்க. எங்க குடும்பமே தேஞ்சு போச்சுன்னா எழுதுவீங்க?

பசிபிக் தீவுகள்லயும் இதே கதை உண்டு. 1952-ல கிஃபோர்டும் ஷட்லரும் நியூ கலிடோனியாவுல லாப்பிட்டாங்கற இடத்துல தோண்டினாங்க. சீப்புப் பல்லால குத்தின மாதிரி அழகான கோலம் போட்ட, சுமார் 3000 வருஷத்துக்கு முந்தின பானைகள். அந்த மக்கள் டோங்கா, சமோவா வரைக்கும் கடல் தாண்டிப் போனாங்க. அங்க முதல்ல கோலம் போச்சு, அப்புறம் பானையே போச்சு. குழி தோண்டி, சூடான கல்லுல வேகவச்சுச் சாப்பிடறவனுக்கு பானை எதுக்கு?

அந்தமானுக்கே திரும்புவோம். பின்னாடி புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த ஜரின் கூப்பர் பொறுமையா வேலை பாத்தாங்க. சௌல்தாரி மேட்டுல கார்பன் கணக்கு சுமார் 2200 வருஷம் காட்டிச்சு. ஓட்டைக் கண்ணாடி மாதிரி மெல்லிசா சீவி, நுண்ணோக்கியில வச்சு, மண்ணுல கலந்திருக்கற மணல் எந்தப் பாறையோடதுன்னு பாக்கற முறையையும் அந்தமான் ஓடுகள்ல செஞ்சு பாத்தாங்க. பசிபிக்ல வில்லியம் டிக்கின்சன் இதே வேலையை ஆயிரக்கணக்கான ஓடுகளுக்குச் செஞ்சிருக்கார். எரிமலைத் தீவு மணலும் பவளத்தீவு மணலும் வேற வேற. ஓடு எந்தத் தீவுலேர்ந்து வந்ததுன்னு மணலே சொல்லிடும்.

சொல்லிடுமா? இங்கதான் நிக்கோபார் ஒரு ஆப்பு வைக்குது. அங்க சவ்ரான்னு ஒரு குட்டித் தீவு, சுமார் 8 சதுர கிலோமீட்டர். நிக்கோபார் முழுக்க பானை செய்யற உரிமை அந்தத் தீவுக்குத்தான் இருந்தது, அதுவும் பெண்களுக்கு. ஈ.எச்.மேன் 1894-ல இதை விவரமா எழுதியிருக்கார். சக்கரம் கிடையாது. களிமண்ணை உருட்டித் திரிச்சு, அடுக்கடுக்கா வச்சு, மூங்கில் சிம்பால வழிச்சு, சுட்டு எடுத்த சூட்டோட பச்சைத் தேங்காய் மட்டையால இழுத்தா கருப்புக் கோடு விழும். செஞ்சவங்களுக்குத் தனித்தனி அடையாளக் குறி வேற. ஆனா சவ்ராவுல களிமண்ணே இல்லை! பக்கத்துத் தெரசா தீவுலேர்ந்து படகுல வர வேண்டியிருந்தது. பானை திரும்பப் படகேறி மத்த தீவுகளுக்குப் போச்சு. ஆயிரம் வருஷம் கழிச்சு ஒருத்தர் அந்தக் களிமண்ணை மட்டும் பாத்தா என்ன சொல்வார்? 'தெரசாக்காரங்க பானை செஞ்சாங்க'ன்னு. சவ்ரா பொம்பளைங்க சுத்தமா காணாம போயிருப்பாங்க. யாரோ ஒருத்தர் உக்காந்து பாத்து எழுதி வச்சதால தப்பிச்சோம்.

2004 டிசம்பர் 26 சுனாமி நிக்கோபாரையே புரட்டிப் போட்டது. சவ்ராவும் தப்பலை. அதை நினைச்சுக்கிட்டே, போன வாரம் அக்காவைத் திரும்பப் பாக்கப் போனேன். "உங்களுக்கு அப்புறம் யாருக்கா?" "பையன் எஸ்டேட்ல லேத்து ஓட்டறான் தம்பி. சக்கரந்தான், ஆனா வேற சக்கரம்"னு சிரிச்சாங்க. அவங்க தட்டற கல்லைக் கையில வாங்கிப் பாத்தேன். மாமியாரோடதாம். ஒரு பக்கம் கட்டை விரல் அளவுக்குத் தேஞ்சிருக்கு.

ஞாயித்துக்கிழமை சூளை பிரிக்கறாங்க. கேமராவோட வரலாமான்னு கேட்டேன். "காலையில ஆறு மணிக்கு வா, சும்மா நிக்கக் கூடாது, சாம்பல் அள்ளணும்"னு உத்தரவு. படம் அடுத்த பதிவுல. உங்க ஊர்ல இன்னும் பானை தட்டறவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, எந்த ஏரி மண்ணுன்னும் கேட்டு எழுதுங்க.

அந்த ஓடு டிவி மேல இருக்கு. வீட்டம்மா ரெண்டு தடவை குப்பையில போட்டாச்சு, நான் ரெண்டு தடவை எடுத்தாச்சு.