போதை மயக்கத்தில் அசையாமல் கிடந்தால் தசைகளுக்கு என்ன நேரும்?

போதை மருந்தை அளவு மீறி எடுத்தவர் மூச்சு அடங்கி இறந்து போகலாம் என்பது நாம் அறிந்ததே. மூச்சு நிற்காமல் தப்பியவரும் கையையோ காலையோ இழக்கலாம், அவருடைய சிறுநீரகம் செயலிழக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மயங்கியவர் பல மணி நேரம் ஒரே பக்கமாக அசையாமல் கிடப்பதே இதற்குக் காரணம். மருத்துவர்கள் இந்தப் பாதிப்பை 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' என்பார்கள்.

தசை அறைகள்

நம் கை கால்களில் தசைகள் கூட்டம் கூட்டமாக உறுதியான சவ்வுகளால் சுற்றப்பட்டுள்ளன. முழங்காலுக்குக் கீழே மட்டும் இப்படி நான்கு அறைகள் உண்டு. இந்தச் சவ்வு எளிதில் விரியாது. உள்ளே தசை வீங்கினால் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கும். இரத்தம் கிடைக்காத தசை மேலும் வீங்கும். இப்படியே சுமார் ஆறு மணி நேரத்தைக் கடந்தால், பல நேரங்களில் தசையும் நரம்பும் மீள முடியாத நிலையை அடைந்துவிடும்.

தூக்கத்தில் வராதது மயக்கத்தில் ஏன் வருகிறது?

உறக்கத்தில் கை மரத்துப் போனால் நாம் தானாகவே புரண்டு படுத்துவிடுகிறோம். ஹெராயின், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், மிதமிஞ்சிய மது ஆகியவை இந்த இயல்பான காவலை அணைத்துவிடுகின்றன. தன் உடலின் எடையே தன் கையை நசுக்குவதை அவர் உணர்வதில்லை.

1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், மயங்கியவர்கள் வழக்கமாகக் கிடக்கும் நிலைகளில் தன்னார்வலர்களைப் படுக்கவைத்துத் தசை அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு கால் மற்றொரு காலுக்கு அடியில் மடங்கிய நிலையில் அழுத்தம் சராசரியாக 72 மி.மீ. பாதரசம், முன்கை விலா எலும்புக்கு அடியில் சிக்கிய நிலையில் 178. ஓய்வில் இருக்கும் தசையின் அழுத்தமோ பொதுவாக 10-க்கும் குறைவு.

சிறுநீரகமும் இதயமும்

இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சின்போது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலர் சில நாட்களில் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941-இல் இதைப் பதிவு செய்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அத்தோடு பொட்டாசியமும் இரத்தத்தில் கலந்து, இதயத்துடிப்பைத் திடீரென நிறுத்திவிடலாம். கட்டடம் இடிந்து விழாமலேயே, பூட்டிய அறைக்குள் மயங்கிக் கிடப்பவருக்கும் இதே ஆபத்து நேர்கிறது.

அடையாளங்கள்

* காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி. விரல்களை நீட்டினால் வலி கூடுதல்
* கல் போல் இறுகிய வீக்கம்
* மரத்துப் போதல், கையோ பாதமோ தொங்கிப் போதல்
* அழுந்திய இடத்தில் சிவப்புத் தடம் அல்லது கொப்புளம்
* டீ டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், அல்லது சிறுநீர் குறைதல்

நாடித் துடிப்பு இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. அழுத்தம் ஆபத்தான அளவை எட்டிய பிறகும் நாடி துடிக்கும். போதை தெளியாதவர் வலியைச் சொல்லவும் மாட்டார். கை தொங்குவதைப் பார்த்துப் பக்கவாதம் என்று தவறாக எண்ணுவதும் உண்டு. எனவே எத்தனை மணி நேரம், எந்தப் பக்கமாகக் கிடந்தார் என்பதை மருத்துவரிடம் நாமே சொல்ல வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

'தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதே பெரிய ஆபத்து. தட்டி எழுப்பியும் எழாதவருக்கு உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தமிழகத்தில் எண் 108, இலங்கையில் 1990. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கை உடலுக்கு அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கமான உடை, வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்ப்பது, உருவிவிடுவது, ஒத்தடம் கொடுப்பது, இறுகக் கட்டுவது எல்லாம் கேட்டையே கூட்டும்.

மருத்துவமனையில் நரம்பு வழியாக நீர்ச்சத்து ஏற்றுவார்கள்; தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். அழுத்தம் அதிகமாக இருந்தால் தோலையும் சவ்வையும் நீளமாகக் கீறித் தசைக்கு இடம் கொடுப்பார்கள். அந்தப் புண்ணைச் சில நாட்கள் மூடாமல் வைத்திருப்பார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும், உரிய நேரத்தில் செய்தால் கை கால்களைக் காப்பாற்றும் சிகிச்சை இதுதான்.

மறைப்பதால் வரும் கேடு

பல குடும்பங்களில் முதல் சில மணி நேரம் 'ஊருக்குத் தெரிந்தால் என்னாகும், போலீஸ் வந்தால் என்னாகும்' என்ற அச்சத்திலேயே கழிந்துவிடுகிறது. தசைக்கு இருக்கும் அவகாசமும் அதே சில மணி நேரம்தான். போதை ஹராம் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. உயிரைக் காப்பது கடமை என்பதிலும் இல்லை. பிறர் குறையை மறைப்பது நற்பண்புதான். ஆனால் மருத்துவரிடம் உண்மையை மறைப்பது அதில் சேராது. எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு அளிக்க இந்தியாவின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவே இருக்கிறது. மீள விரும்புவோர் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

தனியாக வசிக்கும் முதியவர் கீழே விழுந்து எழ முடியாமல் கிடந்தாலும், சர்க்கரை குறைந்து ஒருவர் மயங்கிக் கிடந்தாலும் இதே பாதிப்பு வரலாம். காலையில் கதவு திறக்காத வீட்டைத் தட்டிப் பார்ப்பது அண்டை வீட்டாரான நம் பொறுப்பு.