கணினி வலையமைப்பில் இணைப்புச் சோதனையும் வழியறிதலும் (இந்தியா)

ஒரு கணினியிலிருந்து அனுப்பியது இன்னொரு கணினிக்குப் போய்ச் சேருகிறதா, சேருமானால் எந்தெந்த முனைகளைக் கடந்து சேருகிறது என்று கண்டறியும் முறை. இன்று இதற்குப் பெரும்பாலும் 'பிங்', 'டிரேஸ்ரூட்' என்னும் இரண்டு கட்டளைகள் பயன்படுகின்றன. இந்தியாவில் இதன் தொடக்க வரலாறு ஏர்நெட் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வரலாறே எனலாம். அந்த வலையமைப்பின் முதல் எட்டு முனைகளில் தமிழகத்தில் இருந்தது சென்னை ஐஐடி மட்டுமே.

தோற்றம்: அமெரிக்காவின் அர்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. வலையமைப்பின் பிழைகளைத் தெரிவிப்பதற்கென ஐசிஎம்பி என்னும் நெறிமுறையை ஜான் போஸ்டல் 1981 செப்டம்பரில் ஆவணப்படுத்தினார். அதிலுள்ள எதிரொலிச் செய்தியைப் பயன்படுத்தி மைக் மூஸ் 1983 டிசம்பரில் பிங் நிரலை எழுதினார். எந்தப் பழுதைக் கண்டுபிடிக்க எழுதினாரோ, நிரல் ஓடத் தயாராவதற்குள் அந்தப் பழுதே சரியாகிவிட்டது என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். டிரேஸ்ரூட் நிரலை எழுதியவர் வான் ஜேக்கப்சன். யோசனை ஸ்டீவ் டீரிங்குடையது. ஆண்டை 1987 என்பாரும் 1988 என்பாரும் உண்டு.

செயல்படும் விதம்: ஒவ்வொரு தரவுப் பொதியும் தலைப்பில் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூச்சியமானால் ரூட்டர் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் தரும். டிரேஸ்ரூட் அந்த எண்ணை முதலில் 1 என்றும், அடுத்து 2, 3 என்றும் வைத்து அனுப்புகிறது. தகவல் அனுப்பும் ரூட்டர்களின் முகவரிகளை வரிசைப்படுத்தினால் பாதை தெரிந்துவிடும். பதில் வராத இடத்தில் நட்சத்திரக் குறி விழும். அதை அறுந்த லைன் என்று முடிவுகட்டுவது தவறு. பதில் சொல்ல வேண்டாம் என்று அமைக்கப்பட்ட ரூட்டர்களும் உண்டு. போகும் பாதையைத்தான் இது காட்டும்; பதில் வேறு பாதையில் திரும்பி வரலாம்.

ஆப்பிள் செயற்கைக்கோள்: 1981 ஜூன் 19 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் இந்தச் சோதனைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியே கணினிகளை இணைக்கும் சோதனைகளும் பொதிமாற்றுச் சோதனைகளும் நடந்தன.

ஏர்நெட் (1986–1995): மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-இல் இதைத் தொடங்கியது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் (என்சிஎஸ்டி), பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஐஐடிகள், மின்னணுத் துறை ஆகியவை உறுப்புகள். என்சிஎஸ்டியை வழிநடத்திய சீனிவாசன் ரமணி இம்முயற்சியின் முன்னோடிகளில் முதன்மையானவர். 2014-இல் இணையப் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார்.

முதலில் நிரந்தர லைன் கிடையாது. மோடம் தொலைபேசியில் மறுமுனையை அழைக்கும். சேர்ந்திருந்த அஞ்சல்களைக் கொடுத்து, வாங்கி, இணைப்பைத் துண்டிக்கும். யுயுசிபி எனப்பட்ட இம்முறையில் பாதையை அனுப்புபவரே முகவரியில் எழுத வேண்டும்: இந்தக் கணினிக்குப் போ, அங்கிருந்து அந்தக் கணினிக்குப் போ என்று பெயர்களுக்கிடையே ஆச்சரியக்குறி இட்டு எழுதினார்கள். நடுவில் ஒரு கணினி படுத்துவிட்டால் அஞ்சல் அங்கேயே தங்கிவிடும். அழைப்பு எப்போது போனது, எத்தனை முறை தோற்றது என்று பதிவுக் கோப்பைப் படிப்பதுதான் அன்றைய இணைப்புச் சோதனை. என்சிஎஸ்டியின் கணினிக்கு 'சக்தி' என்று பெயர். அறிவியல் கழகத்தில் 'விக்யான்' இருந்தது. அக்கால முகவரிகளைப் பார்க்கும்போது அந்தப் பெயர்களில் ஒரு பெருமிதம் தெரிகிறது.

1990-இல் ஏர்நெட்டுக்கு 144.16 என்று தொடங்கும் முகவரித் தொகுதி கிடைத்தது. அது உறுப்பு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எட்டு முனைகளும் 1992-க்குள் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள குத்தகை லைன்களால் இணைந்தன. பிங் அனுப்பும் வழக்கமான பொதியின் அளவு தலைப்போடு 84 பைட், அதாவது 672 பிட். அதை 9.6 கிலோபிட் லைனில் ஏற்றி முடிக்கவே 70 மில்லி நொடி ஆகும். வழியில் இரண்டு லைன்கள் இருந்தால், போக வர 280 மில்லி நொடி. வரிசையில் காத்திருக்கும் நேரம் தனி. சென்னைக்கும் பம்பாய்க்கும் நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 1,030 கி.மீ.; ஒளியிழையில் அத்தூரத்தைப் போய்த் திரும்ப ஏறத்தாழ 10 மில்லி நொடி போதும். 1992-இலேயே பம்பாயிலிருந்து அமெரிக்காவின் விர்ஜீனியாவுக்கு 64 கிலோபிட் இணைப்பு வந்தது. அன்றைய ஏர்நெட் ஆய்வுலகம் மொத்தமும் பகிர்ந்துகொண்ட வாயில் அது.

பின்னர் செயற்கைக்கோள் வழியும் சேர்ந்தது. புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால், தரையிலிருந்து மேலே போய்த் தரைக்கு வரவே கால் நொடி ஆகிறது. பிங் பதிலுக்கு அரை நொடி. இரண்டு சிறு நிலையங்கள் மைய நிலையம் வழியாகப் பேசினால் இருமடங்கு. பதில் வரும் நேரத்தைப் பார்த்தே பொதி தரைவழி போனதா, வான்வழி போனதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஏர்நெட் தொடக்கத்தில் டிசிபி/ஐபி, ஓஎஸ்ஐ என்னும் இரண்டு நெறிமுறைத் தொகுதிகளையும் சேர்த்தே ஓட்டியது. ஓஎஸ்ஐக்குச் செலவிட்ட உழைப்பு வீண் என்பது ஒரு கருத்து. இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில்தான் பொறியாளர்கள் தேர்ந்தார்கள் என்பது மற்றொன்று. 1995 முதல் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் டிசிபி/ஐபியில்தான் நடந்தது.

நிக்நெட்: மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழி இணைத்த அரசு வலையமைப்பு.

பொது இணையம்: அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கான சேவையைத் தொடங்கியது. 1998-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே உள்ளிட்ட தனியார் நிறுவனங்கள் வந்தன. இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் இணைந்துகொள்ள உள்நாட்டில் பொது மையம் இல்லாததால், ஒரே ஊரில் இருவேறு சேவைகளைப் பயன்படுத்தும் கணினிகளுக்கிடையே பொதிகள் வெளிநாடு போய்த் திரும்பின. இதைத் தவிர்க்க 2003-இல் நிக்சி என்னும் இணையப் பரிமாற்ற மையம் அமைந்தது. அதன் முதல் முனைகளில் சென்னையும் ஒன்று. ஏர்நெட்டின் குறுகிய லைன்களைவிட, பொதிகள் வெளிநாடு போய்த் திரும்பிய அந்தச் சுற்றுவழியே பெரிய குறை.

அண்மைக்காலம்: ஏர்நெட் 1998-இல் தன்னாட்சிச் சங்கமானது. கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.